கொடுங்கோல் என்பது வளைந்த கோல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளிவந்த ஒரு கட்டுரையில், ஒரே அரசைக் குறிக்க முதல் பத்தியில் ‘சர்வாதிகாரம்’ என்றும் இரண்டாம் பத்தியில் ‘கொடுங்கோலாட்சி’ என்றும் எழுதியிருந்தார்கள். அதே அரசு அடுத்தடுத்த பத்திகளில் ‘எதேச்சாதிகார அரசு’ ஆயிற்று, பிறகு ‘அராஜக அரசு’ ஆயிற்று, கடைசி வரியில் ‘பாசிச அரசு’ என்று முடிந்தது. தலைப்பிலோ ‘கொடுங்கோண்மை’ என்று டண்ணகரம் போட்டு அச்சாகியிருந்தது. கட்டுரையாளரின் அரசியல் கருத்தோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் படிப்பவர்க்குச் சலிப்புத் தட்டும் என்று கருதிச் சொல்லை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார் என்பதும் புரிகிறது. ஆனால் இந்த ஐந்தும் ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஆட்சியில் நேரும் வெவ்வேறு கேட்டைச் சுட்டப் பிறந்தது. அவற்றுள் ஒன்று, நேர்ப்பொருளில் பார்த்தால், கட்டுரையாளர் சொல்ல வந்ததற்கு முற்றிலும் எதிரானதைச் சொல்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற உரிமையில் இச்சொற்களின் பிறப்பையும் பொருளையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

‘கொடுங்கோல்’ என்றவுடன் இன்று நம் மனக்கண்ணில் தோன்றுபவை சிறையும் சவுக்கும் தூக்குமேடையும்தாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது ஒரு வளைவு மட்டுமே. ‘கொடு’ என்னும் அடிக்கு வளைந்த என்பது பழம்பொருள். கொடுவாள் என்றால் வளைந்த வாள். சங்கப் பாடல்களில் கொடுமரம் என்றால் வில். கொடுங்குழை என்றால் வளைந்த காதணி. கொடுந்திமில் என்றால் வளைந்த மீன்படகு. கொடுவரி என்று புலியைச் சொன்னதும் அதன் உடம்பில் ஓடும் வளைந்த வரிகளை வைத்துத்தான், அதன் சீற்றத்தை வைத்து அன்று. கோடு, கோடுதல், கோட்டம், கோணல் ஆகிய சொற்களெல்லாம் இந்த வளைவைச் சுற்றியே நிற்கின்றன. இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று நம் மொழியின் பெயரிலேயே இருக்கிறது. பழைய இலக்கண நூலார் தமிழைச் செந்தமிழ் என்றும் கொடுந்தமிழ் என்றும் பிரித்தார்கள். கொடுந்தமிழைக் கொடூரமான தமிழ் என்று எவரும் பொருள் கொண்டதில்லை. இலக்கண வழியிலிருந்து சற்று வளைந்து, வட்டாரத்துக்கேற்ப மாறி வழங்கிய தமிழுக்கு அது பெயர். செந்தமிழுக்குக் கொடுந்தமிழ் எப்படியோ, செங்கோலுக்குக் கொடுங்கோல் அப்படி. முதல் இணையில் எவருக்கும் ஐயமில்லை. இரண்டாவதில் மட்டும் நாம் வளைவை மறந்துவிட்டோம்.

செங்கோல் என்பதிலும் இதே மறதி உண்டு. ஒரு முறை வகுப்பில் திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, செங்கோல் என்றால் சிவப்பு நிறக் கோலா?” என்று கேட்டான். செந்தாமரை, செம்மண், செங்கல் என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அப்படித் தோன்றியது இயல்பு. முந்தைய பாடவேளையில் கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த முக்கோணம் அழிக்கப்படாமல் இருந்தது. மூலைமட்டம் மேசை மேலேயே கிடந்தது. அந்தப் பலகையைக் காட்டி, “இந்த மூலைக்கு என்ன பெயர்?” என்று கேட்டேன். “செங்கோணம்” என்றான். “அது சிவப்பாகவா இருக்கிறது?” என்றேன். வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரைந்த கோணத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, “இல்லை ஐயா, நேராக இருக்கிறது” என்றான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. செம்மை என்பதற்குச் சிவப்பு என்ற பொருளோடு நேர்மை, ஒழுங்கு என்ற பொருளும் உண்டு. செங்குத்து, செந்நெறி, செவ்வனே, செப்பம் எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோல் நிறுவப்பட்ட பிறகு அந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் நாடு முழுவதும் வழங்குகிறது. அதன் மறுபாதியான கொடுங்கோலோடு சேர்த்துப் பார்த்தால்தான் அச்சொல்லின் முழுப்பொருளும் விளங்கும் என்பதைச் சொல்லத்தான் அப்போது ஆளில்லாமல் போயிற்று.

தலைப்பில் நேர்ந்த எழுத்துப்பிழையும் இந்த மறதியின் விளைவு என்றே நினைக்கிறேன். கொடுங்கோன்மை என்பதைக் கோன், அதாவது அரசன், என்ற சொல்லிலிருந்து வந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். வேறு சிலர் கோணல் என்பதோடு இணைத்து ணகரம் இடுகிறார்கள். உண்மையில் அது கோல் + மை. மெல்லினம் வரும்போது முன்னுள்ள லகரம் னகரமாகத் திரியும். நல் + மை நன்மை ஆவதும், மேல் + மை மேன்மை ஆவதும் இப்படித்தான். எனவே செங்கோன்மை என்பது செங்கோல் உடைமை. கொடுங்கோன்மை என்பது கொடுங்கோல் உடைமை. அரசனைப் பற்றிய சொற்கள்போல் தோன்றினாலும், இரண்டும் அவன் கையில் உள்ள கோலைப் பற்றியே பேசுகின்றன. அவன் எப்படிப்பட்டவன் என்பதைவிட அவன் பிடித்திருப்பது எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

அந்தக் கோல் எது? அடிக்கும் கோல் என்று சிலர் சொல்வார்கள். மேய்ப்பன் கைக்கோல் என்பாரும் உண்டு. எனக்கு எப்போதும் பொருத்தமாகப் படுவது அளக்கும் கோலும் நிறுக்கும் கோலும்தான். நிலம் அளந்த கோலைச் சோழர் கல்வெட்டுகள் ‘உலகளந்த கோல்’ என்று பெயரிட்டுச் சொல்கின்றன. அளவுகோல் வளைந்திருந்தால், அளப்பவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கணக்குத் தவறும். நிறைகோலைப் பற்றி வள்ளுவரே நடுவுநிலைமை அதிகாரத்தில், “சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க்கு அணி” என்கிறார். ஒரு பக்கம் சாயாதிருத்தலுக்கு அவர் ஆளும் சொல் கோடாமை. அதே வினையை அரசனுக்கும் ஆள்கிறார்: “கோல்கோடிச் சூழாது செய்யும் அரசு”, “முறைகோடி மன்னவன் செய்யின்”. இந்தக் கோடியை நூறு இலட்சம் என்று எண்ணிக்கொண்டு படித்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கோடுதல் என்ற வினை நம் பேச்சிலிருந்து மறைந்துவிட்டதால் வந்த இடர்ப்பாடு அது.

திருக்குறளின் 55, 56, 57ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொரு வேறுபாடும் கண்ணில் படும். இக்கடிதத்தில் நான் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானது இதுதான். 55 செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை, 57 வெருவந்த செய்யாமை. குடிமக்களை நடுநடுங்க வைக்கும் செயல்களை, அளவு கடந்த தண்டனையை, கடுஞ்சொல்லை, காண்பதற்கு அரிய செவ்வியை, இன்னா முகத்தை எல்லாம் வள்ளுவர் கொடுங்கோன்மையில் வைக்கவில்லை. அவற்றுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். தனிச் சொற்களும் தந்தார். “வெருவந்த செய்தொழுகும் வெங்கோலன்” என்று 563ஆம் குறளிலும், “கல்லார்ப் பிணிக்கும் கடுங்கோல்” என்று 570ஆம் குறளிலும் வருகிறது. ஆக, வெம்மையால் சுடும் கோல் ஒன்று, கடுமையால் ஒடுக்கும் கோல் ஒன்று, முறை தவறி வளைந்த கோல் ஒன்று. நாடு கெடும் வழிகளுக்கு இத்தனை பெயர்கள் இருந்தன. பிற்காலத்தில் வெங்கோலும் கடுங்கோலும் வழக்கொழிந்து, அவை சுமந்த பொருள் முழுவதும் கொடுங்கோலின் தலையில் ஏறிவிட்டது. ஏறியதோடு, அதன் சொந்தப் பொருளைக் கீழே தள்ளியும் விட்டது.

மறுப்பு ஒன்று எழக்கூடும் என்பதை அறிவேன். கொடுங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளே “கொலைமேற்கொண் டாரிற் கொடிதே” என்று தொடங்குகிறது. அங்கே கொடிது என்பது வளைவைக் குறிக்கவில்லை, கொடுமையைத்தான் குறிக்கிறது. உண்மை. வளைந்தது என்ற பொருளிலிருந்து தீயது என்ற பொருள் அதற்கு முன்பே கிளைத்துவிட்டது. ஆனால் வள்ளுவர் அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர் அல்லர். கூடாவொழுக்கம் அதிகாரத்தில், “கணைகொடிது யாழ்கோடு செவ்விதாங் கன்ன வினைபடு பாலால் கொளல்” என்று ஒரு குறள் உண்டு. அம்பு வடிவில் நேரானது, செயலில் கொடியது. யாழ் தண்டில் வளைந்தது, செயலில் செவ்வியது. ஆகவே ஆளின் தோற்றத்தை விட்டுச் செயலைப் பார் என்கிறார். கொடிது, கோடு, செவ்விது என்னும் மூன்று சொற்களும் ஒரே அடியில் நிற்க, நேரான ஒன்று கொடிதாகவும் வளைந்த ஒன்று செவ்விதாகவும் இருக்கக்கூடும் என்பதை அதே சொற்களை வைத்தே காட்டுகிறார். இவ்வளவு நுட்பமாக இச்சொற்களை அறிந்தவர், அரசனின் கோல் கோடியது என்று எழுதும்போது அதைத் தெரிந்தேதான் எழுதினார்.

வளைந்த கோலுக்குக் கொடிய மனம் வேண்டியதில்லை என்பதைச் சிலப்பதிகாரப் பாண்டியனைவிடத் தெளிவாகக் காட்டுபவர் இல்லை. நெடுஞ்செழியன் குருதி வெறி கொண்டவன் அல்லன். குடிகளைச் சூறையாடியவனும் அல்லன். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான், ஆராயவில்லை. அவ்வளவுதான் அவன் செய்தது. உண்மை வெளிப்பட்டபோது தன்னைத் தானே கள்வன் என்று சொல்லி உயிர் விட்டான். அந்தச் செய்தியைச் சாத்தனார் வாயிலாகக் கேட்ட சேரன் செங்குட்டுவன், “வல்வினை வளைத்த கோலை மன்னவன் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோ லாக்கியது” என்கிறான். வளைத்த, நிமிர்த்து என்ற அந்த இரண்டு வினைகளையும் பாருங்கள். ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்துவதுபோல, அந்தக் காலத்துச் செவிக்குக் கோல் என்பது கண்ணால் காணக்கூடிய நேரும் வளைவும் உடைய பொருளாகவே இருந்தது. தொடர்ந்து அவன் சொல்வது அரசர்க்குரிய அச்சங்களின் பட்டியல்: மழை பொய்த்தால் அச்சம், உயிர்கள் பிழைபட்டால் அதனினும் பெரிய அச்சம், இவற்றோடு “கொடுங்கோ லஞ்சி மன்பதை காக்கும் நன்குடிப் பிறத்தல் துன்ப மல்லது தொழுதக வில்” என்று முடிக்கிறான். இன்று கொடுங்கோலுக்குக் குடிமக்கள் அஞ்சுவதாகவே எழுதுகிறோம். அங்கே அரசன் அஞ்சுகிறான், தன் கையிலுள்ள கோல் தனக்குத் தெரியாமலேயே வளைந்துவிடுமோ என்று.

அதே பெயருடைய வேறொரு பாண்டியனான தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூற்றின் 72ஆம் பாட்டில் கூறும் வஞ்சினமும் இந்த அச்சத்தைத்தான் காட்டுகிறது. பகைவரை வெல்லேனாயின் “கொடியன்எம் இறையெனக் கண்ணீர் பரப்பிக் குடிபழி தூற்றும் கோலே னாகுக” என்று தனக்குத்தானே சாபம் இட்டுக்கொள்கிறான். கொடியன் என்பதும் கோலேன் என்பதும் இங்கே அடுத்தடுத்து வருகின்றன. அப்படிப்பட்ட கோல் உடையவன் ஆவதைத் தனக்கு நேரக்கூடிய பெரும் இழிவாக அவன் எண்ணினான். அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதிலும் அவனுக்கு மயக்கமில்லை. கண்ணீர் விடும் குடிகளே அந்தப் பெயரைச் சூட்டுவார்கள்.

மேலை மொழிகளில் இதற்கு இணையாகச் சொல்லப்படும் சொற்கள் வேறு கேள்விகளிலிருந்து பிறந்தவை. ஆங்கில ‘டைரண்ட்’டுக்கு மூலமான, கிரேக்கரின் ‘டுரன்னோஸ்’ என்ற சொல் கிரேக்க மொழிக்கே உரியது அன்று. சிற்றாசியப் பகுதியிலிருந்து வந்தேறியது என்பதே அறிஞர் பலரின் கருத்து. கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஆர்க்கிலோக்கஸ், லிதியா நாட்டுக் கைகெஸ் என்ற அரசனின் செல்வத்தைப் பேசும் பாட்டிலேயே இச்சொல்லை எடுத்தாள்கிறார். கைகெஸ் பரம்பரை உரிமையால் அரியணை ஏறியவன் அல்லன். தனக்கு முன்னிருந்தவனைக் கொன்று ஏறியவன் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் தரும் வரலாறு. தொடக்கத்தில் அச்சொல் கேட்ட கேள்வி, இவன் எப்படி ஆட்சிக்கு வந்தான் என்பதே. வந்தபின் நன்றாக ஆண்டானா என்பதை அது கேட்கவில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்சைக் கைப்பற்றிய பைசிஸ்ட்ராட்டஸ் அந்தப் பெயரால்தான் அழைக்கப்பட்டார். ஆனால் அவருடைய ஆட்சி மிதமானதாக இருந்தது என்று ஏதென்சின் அரசமைப்பு பற்றிய பழைய நூலே கூறுகிறது. தன் நலத்துக்காக ஆள்பவன் என்ற கெட்ட பொருள், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோர் காலத்தில்தான் அதில் உறுதியாகப் படிந்தது. நம் கொடுங்கோலோ முறையாகப் பட்டம் சூடியவனுக்கும் பொருந்தும். பாண்டியன் வழிவழி வந்த அரசன்தானே.

கொடுங்கோலனைக் குறிக்கும் இன்னோர் ஆங்கிலச் சொல்லான ‘டெஸ்பாட்’டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கிரேக்க ‘டெஸ்போட்டேஸ்’ என்பது வீட்டின் தலைவன் என்று பொருள்படும் ஒரு பழங்கூட்டுச் சொல். அதன் உடன்பிறப்பு வடமொழியில் ‘தம்பதி’. ரிக் வேதத்தில் தம்பதி என்றால் வீட்டுத் தலைவன். இருமையில் வரும்போது வீட்டுக்குரிய இருவர், கணவனும் மனைவியும். திருமண அழைப்பிதழில் நாம் அச்சிடும் தம்பதியும், உலகம் வெறுக்கும் டெஸ்பாட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. ஒரே மூலம் ஓரிடத்தில் இல்லறத்தின் பெயராயிற்று. இன்னோரிடத்தில் அது அடிமைகளை உடைய எசமானைக் குறித்து, பிறகு குடிமக்களை அடிமைகளாக நடத்தும் அரசனைக் குறித்தது. இடையில் பைசாந்தியப் பேரரசில் 12ஆம் நூற்றாண்டு முதல் பேரரசருக்கு அடுத்த நிலையிலுள்ள பெருமைக்குரிய பட்டமாகவும் இருந்தது. 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்க்யூ அரசு வகைகளைப் பிரித்தபோது, இவ்வகை ஆட்சியை இயக்கும் விசை அச்சமே என்று எழுதினார். அச்சத்தை விசையாகக் கொண்ட ஆட்சிக்கு நம்மிடம் வெங்கோல் என்ற சொல் இருந்ததை மேலே சொன்னேன்.

சர்வாதிகாரிக்கு வருகிறேன். ரோமானியரிடம் ‘டிக்டேட்டர்’ என்பது சட்டப்படி அமைந்த பதவி. சொல்லுதல், ஆணையிடுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த பெயர் அது. நாட்டுக்கு நெருக்கடி வந்தால் ஒருவரை நியமிப்பார்கள்; ஆறு மாதத்துக்கு மேல் அவர் அப்பதவியில் இருக்கக்கூடாது. கி.மு. 458இல் அவ்வாறு அழைக்கப்பட்ட சின்சினாட்டஸ் பகையை முறியடித்துப் பதினாறாம் நாளில் பதவியைத் துறந்தார் என்று ரோமானிய வரலாறு போற்றுகிறது. கி.மு. 82இல் சுல்லா கால வரம்பின்றி அதை எடுத்துக்கொண்டார், கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் முழுமைக்கும் எடுத்துக்கொண்டார். அவர் கொல்லப்பட்ட அதே ஆண்டில் அந்தப் பதவியையே சட்டமியற்றி ஒழித்தார்கள். நம் சர்வாதிகாரி என்ற சொல்லுக்கும் இதேபோன்ற முற்பிறப்பு உண்டு என்பதை இளைஞர் பலர் அறியார். 1930களின் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கத்தின்போது காங்கிரஸ் குழுக்கள் தடை செய்யப்பட்டதால், போராட்டத்தை நடத்தும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கைதானால் அடுத்தவர் வருவார். அவருக்குச் சர்வாதிகாரி என்று பெயர். 1938இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் போராட்டத் தலைவர்களைச் சர்வாதிகாரி என்றே அழைத்தார்கள். சிறைக்குப் போகும் முறை தனக்கு வந்துவிட்டது என்பதைத் தவிர அந்தப் பதவியில் வேறு சுகம் கிடையாது. வங்காளத்தில் இன்றும் அது மதிப்புள்ள குடும்பப் பெயர். எல்லா அதிகாரமும் ஒருவரிடம் என்பதே சொல்லின் பொருள். அந்த அதிகாரம் நேராகச் சென்றதா வளைந்ததா என்பதைச் சர்வாதிகாரி என்ற சொல் சொல்வதில்லை. கொடுங்கோல் என்ற சொல் அதை மட்டுமே சொல்கிறது.

பாசிசம் என்ற சொல்லின் உள்ளேயும் கோல் இருக்கிறது, அதுவும் ஒரு கட்டாக. ரோமானிய அதிகாரிகளின் முன்னே செல்லும் ஏவலர்கள், பிரம்புகளைச் சேர்த்துக் கட்டி நடுவில் கோடாரி செருகிய ஒரு கட்டைத் தோளில் சுமந்து செல்வார்கள். அடிக்கவும் தலையை வெட்டவும் உள்ள அதிகாரத்தின் சின்னம் அது. கான்சல் என்னும் தலைமை ஆட்சியாளர் ஒருவருக்குப் பன்னிரண்டு ஏவலர்; டிக்டேட்டருக்கு இருபத்து நான்கு. நகர எல்லைக்குள் நுழையும்போது கான்சலின் ஏவலர்கள் கோடாரியை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும். ஏனெனில் நகரத்துக்குள் குடிமகனுக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. டிக்டேட்டரின் கட்டிலோ கோடாரி நகரத்துக்குள்ளும் அப்படியே இருக்கும். முசோலினி 1919இல் மிலான் நகரில் தொடங்கிய இயக்கத்தின் பெயர், கட்டு என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பின்னர் அந்தப் பழைய பிரம்புக் கட்டே அதன் சின்னமாயிற்று. ஆகவே பாசிசம் என்பது குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட கொள்கையோடு தோன்றிய இயக்கத்தின் பெயர். கடுமையாக நடந்துகொள்ளும் அரசையெல்லாம் அப்படி அழைத்துவிட்டால், உண்மையிலேயே அது வரும்போது அடையாளம் காட்டச் சொல் இருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதேச்சாதிகாரம் என்பது யதா, இச்சா, அதிகாரம் மூன்றும் சேர்ந்தது. விருப்பப்படி செலுத்தும் அதிகாரம். அன்றாடப் பேச்சில் ‘எதேச்சையாகச் சந்தித்தோம்’ என்று தற்செயலைக் குறிக்கவும் இதே சொல்லின் உருவம் வருவதால், அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கிறது. ஏகாதிபத்தியம் என்பது எழுத்தெண்ணிப் பார்த்தால் ஒருவரது தனித்தலைமை; இன்று நாம் அதை ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆள்வதற்குப் பயன்படுத்துகிறோம். அது நிலைத்துவிட்ட வழக்கு; அதைக் குறை கூறவில்லை.

ஆனால் அராஜகம் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அராஜகம் என்றால் அரசன் இல்லாமை. தசரதன் இறந்தபின் அரசனில்லாத நாட்டில் என்னென்ன கேடு விளையும் என்று அயோத்தியில் பெரியோர் கூடிப் பேசும் பகுதி வான்மீகத்தில் உண்டு. அங்கே வருவது இச்சொல்தான். பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் நிலை என்று வடமொழி அரசியல் நூல்கள் அதைத்தான் சொல்கின்றன. ஆளும் கை இல்லாத நிலைக்குரிய பெயரை, ஆளும் கை அளவுக்கு மீறி இறுகிய நிலைக்கு எப்படி இடுவது? ஓர் அரசு அட்டூழியம் செய்தால் அதை அட்டூழியம் என்று எழுதலாம். அடக்குமுறை என்றும் ஒடுக்குமுறை என்றும் எழுதலாம். ‘அராஜக அரசு’ என்று எழுதினால், அரசில்லாத அரசு என்றல்லவா ஆகிறது? பேச்சு வழக்கில் புகுந்துவிட்டது என்பதை ஏற்கிறேன். கட்டுரைத் தமிழிலாவது காத்திருக்கலாம் அல்லவா?

பிற மொழியினர் இதற்குக் கண்ட உருவங்களையும் ஒரு முறை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் நிரங்குசம் என்ற சொல்லுக்கு அங்குசம் இல்லாதது என்று பொருள். பாகன் கைத் தோட்டிக்குக் கட்டுப்படாத யானையை அது கண்முன் நிறுத்துகிறது. அரபு மொழியில் ஜுல்ம் என்பதற்குப் பழைய அறிஞர் தந்த விளக்கம், ஒரு பொருளை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல் என்பது. கொடுங்கோலனைக் குறிக்கும் தாகியா என்ற சொல்லோ, கரை கடந்து பெருகும் வெள்ளத்துக்கும் ஆளப்படும் வினையிலிருந்து வந்தது. கட்டுப்பாடின்மை, இடம் மாறுதல், வரம்பு மீறுதல் என்று ஒவ்வொரு மொழியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழ் பிடித்துக்கொண்டது நேரிலிருந்து விலகிய ஒரு வளைவை. மிகச் சிறிய வளைவையும் அது விட்டுவைக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. இரத்த ஆறு ஓடிய பிறகுதான் அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆராயாமல் ஒருவனைத் தண்டித்தாலே போதும். “நாடொறும் நாடி முறைசெய்யா மன்னவன்” என்று வள்ளுவர் சொல்வதுபோல, நாள்தோறும் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விட்டாலே போதும்.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது சில சொற்களைப் பற்றியவை மட்டுமே. அதிகாரம் முழுவதும் ஒருவரிடம் குவிந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சர்வாதிகாரம் என்று எழுதுங்கள். சட்டத்துக்குக் கட்டுப்படாமல் மனம் போனபடி ஆணைகள் பிறந்தால் எதேச்சாதிகாரம் என்று எழுதுங்கள். விசாரணையின்றிச் சிறை, ஒருவருக்கு ஒரு நீதி மற்றவருக்கு வேறு நீதி, “வேலொடு நின்றான் இடுவென்றது” என்று வள்ளுவர் சொல்வதுபோல் வழிப்பறிக்காரன் மிரட்டிப் பறிப்பதை ஒத்த வரிவசூல், இவற்றைச் செய்தியாக எழுதும்போது கொடுங்கோன்மை என்ற சொல்லைத் தயங்காமல் எடுங்கள். அந்த ஆட்சி தேர்தலில் வென்று வந்ததாக இருந்தாலும் சரி, அதன் தலைவர் இனிமையாகப் பேசுபவராக இருந்தாலும் சரி. கண்டிப்பான அதிகாரி ஒருவரையோ, கெடுபிடியான நிர்வாகம் ஒன்றையோ பற்றிய சிறு செய்திக்கு அச்சொல்லைச் செலவிட வேண்டாம். கடுமை என்றாலே அங்கே போதும். வெங்கோல், கடுங்கோல் என்ற இரண்டையும் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவர ஒரு நாளிதழ் மனம் வைத்தால் முடியும். தலையங்கத்தில் இரண்டு முறை வந்தால், மூன்றாம் முறை வாசகர் தாமே எழுதத் தொடங்கிவிடுவார்.

அச்சுக்கோப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: கொடுங்கோன்மையில் வருவது றன்னகரம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்